மாத்திரையும் சாயங்காலக் கோபமும்

ஆட்டிசமும் ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காமல் மிகையாகத் துறுதுறுப்பது) சேர்ந்துள்ள, பதின்வயதை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவை.

கேள்வி: மகனுக்கு 11 வயது. காலையில் ஏடிஎச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுக்கிறோம். பள்ளியில் ஒரு புகாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையை எறிகிறான், தங்கையை அடிக்கிறான். எங்களிடம் மட்டும் ஏன் இப்படி?

எத்தனை மணிக்கு எறிகிறான் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இந்த மருந்தின் சாதாரண வகை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம். மருந்தின் வேகம் தணியும் வேளையில் சில பிள்ளைகளுக்கு எரிச்சலும் அழுகையும் வழக்கத்தைவிடக் கூடும். பசியையும் இந்த மருந்து மந்தமாக்கும். டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருகிறதா? அப்படியென்றால் காலைக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத பிள்ளைதான் உங்கள் முன்னால் நிற்கிறான். போதாததற்கு, வகுப்பின் இரைச்சலையும் நெரிசலையும் பகல் முழுக்கப் பொறுத்திருக்கிறான். பயமில்லாத இடத்தில்தான் அதெல்லாம் வெளியே வரும். அவனுக்கு அந்த இடம் உங்கள் வீடு.

மாத்திரைக்கு முன்னால் நெய் விட்ட பொங்கலோ முட்டையோ வயிறு நிறையக் கொடுங்கள். சாயங்காலம் வாசலிலேயே ஹோம்வொர்க் பேச்சு வேண்டாம். சுண்டலோ வாழைப்பழமோ கையில் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் எதுவும் கேட்காமல் விடுங்கள். தங்கை அதுவரை வேறு அறையில் இருக்கட்டும். அவள் அடி வாங்கக் கூடாது. கண்டிப்பதை அவன் அடங்கிய பிறகு இரண்டே வாக்கியத்தில் முடியுங்கள். எழுதி வைத்த குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவையும் வேளையையும் அவர்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: மாத்திரையை முழுங்க மாட்டேன் என்கிறான். பொடித்துத் தயிர்சாதத்தில் கலக்கலாமா?

மெதுவாகக் கரையும் மாத்திரை என்றால் கூடவே கூடாது. நாள் முழுவதுக்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். முழுங்க எளிதான வேறு வகை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், சாப்பாட்டில் மருந்தை ஒளிக்காதீர்கள். அவன் விரும்பிச் சாப்பிடுவதே நாலைந்து பண்டமாக இருக்கும். ருசி மாறினால் அதில் ஒன்றும் போய்விடும்.

கேள்வி: ரிஸ்பெரிடோன் சேர்த்த பிறகு கோபம் குறைந்தது. ஆனால் எடை ஏறுகிறது. மாமியார் நிறுத்தச் சொல்கிறார்.

அவர் கவலை நியாயமானது. இந்த மருந்து பசியைத் தூண்டும். எடை, ரத்தச் சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். யாரும் பார்க்கவில்லையென்றால் நீங்களே கேட்டு வாங்குங்கள். ஆனால் சட்டென்று நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கென்று அமெரிக்கா 2006-இல் அனுமதித்த மருந்து இது; ஆட்டிசத்தை மாற்றாது. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை, 'இன்னும் தேவையா?' என்று டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: மகளுக்கு 12 வயது. சில வாரங்களாக எதற்கெடுத்தாலும் கத்துகிறாள். மருந்து போதவில்லையா?

திடீரென்று தொடங்கிய எரிச்சல் என்றால் முதலில் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, தூக்கக்குறைவு. நன்றாகப் பேசும் பிள்ளைக்குக்கூட எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் போகும். ஒரு சிறுமிக்கு நான் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் காரணம் கடைவாயில் ஒரு சொத்தைப் பல். இன்றும் அது என்னை உறுத்துகிறது.

வயதுக்கு வரும் பருவமும் இதுதான். கத்தும் நாட்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். மாதவிடாய் இன்னும் வரவில்லையென்றாலும், இரண்டு மூன்று வகை நாப்கின்களை இப்போதே வாங்கி வையுங்கள். எது உறுத்தவில்லை என்று அவளே தொட்டுப் பார்த்து, வீட்டில் ஒரு மணி நேரம் வைத்துப் பழகட்டும்.