அமெரிக்காவில் கூஸ் (பெரிய காட்டு வாத்து), வான்கோழி வேட்டைக்குப் போகும் தமிழர்கள் உண்டா? ரெட்ரீவர் நாய் (சுட்ட பறவையைத் தேடி எடுத்து வரும் நாய்) இல்லாமல் ஆரம்பிக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி மினசோட்டாவுக்கு வந்து ஒரு வருஷம் ஆகுது, கூட வேலை பாக்கறவங்க கூஸ் வேட்டைக்கு கூப்பிடுறாங்க, துப்பாக்கி அவங்களே தரேன்றாங்க, அபார்ட்மென்ட்ல நாய் வளர்க்க முடியாதுன்னு எழுதியிருக்கார். நான் இருக்கறதும் மினசோட்டாதான், ராச்செஸ்டர். 2015ல இருந்து போறேன். அதனால இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா கடந்து போக முடியல.

முதல்ல பதில். வான்கோழிக்கு நாய் வேண்டாம், இங்க வசந்த கால சீசன்ல நாய கூட்டிட்டுப் போகவே கூடாது. கூஸுக்கு நாய் இல்லாம போகாதீங்க. சொந்தமா இல்லன்னா நல்லா பழக்கின நாய் வச்சிருக்கவங்களோட மட்டும் போங்க. நாய் இல்லாமலும் எத்தனையோ பேர் போறாங்க, சட்டம் தடுக்கல, எனக்குத் தெரியும். அறுத்த காட்டுக்கு நடுவுல, பக்கத்துல தண்ணியோ புதரோ இல்லாத இடத்துல சமாளிச்சிடலாம்னு அனுபவசாலிங்க சொல்வாங்க. நான் சொல்றது ஏன்னா எனக்கு நடந்தது அப்படி.

2015 அக்டோபர், என் முதல் சீசன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருத்தர், இந்த ஊர்க்காரர், அப்பவே அறுபத்தஞ்சு வயசு, விவசாயக் குடும்பம், அவர்தான் எனக்கு எல்லாம் கத்துக் குடுத்தார். மக்காச்சோளம் அறுத்த காடு, ஒரு ஓரத்துல சம்புக் கோரை மண்டின சதுப்பு. விடியறதுக்கு முன்னாடியே பொம்மை கூஸ் நாலு டஜன் பரப்பி வச்சிட்டு தட்டைய மேல போட்டு மூடிக்கிட்டு மல்லாக்கப் படுத்திருந்தோம். சூரியன் உதிக்க அரை மணிக்கு முன்னால இருந்துதான் சுடலாம், அதுக்கு முன்னாடி தலைக்கு மேலயே வந்தாலும் கை வைக்கக் கூடாது. ஏழு மணி வாக்குல ஒரு கூட்டம் வந்துச்சு. பெரியவர் கூஸ் மாதிரி சத்தம் வர்ற ஊதல ஊதி ஊதி இறக்கிட்டு இருக்கார், அதுங்க ஒரு சுத்து சுத்திட்டு சந்தேகப்பட்டு விலகிப் போகுது, நான் பொறுக்க மாட்டாம எந்திரிச்சு சுட்டுட்டேன். எப்படியும் அறுபது கெஜம் இருக்கும். அவர் ஒண்ணும் சொல்லல, "டூ ஃபார்", ரொம்ப தூரம் அப்படின்னார், அவ்வளவுதான்.

அதுல ஒரு பறவைக்கு பட்டுடுச்சு. விழல. ஒரு பக்கம் சாஞ்சு, றெக்கைய விரிச்ச மாதிரியே வழுக்கிக்கிட்டே போய் இருநூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் சம்புக்குள்ள இறங்கிடுச்சு. நானும் அவரும் நெஞ்சு வரைக்கும் வர்ற ரப்பர் பேன்ட்ட மாட்டிக்கிட்டு மூணு மணி நேரம் தேடினோம். சம்பு ஆளு உயரத்துக்கு மேல நிக்குது, பத்தடியில இருக்கறது தெரியாது, அடிபட்ட கூஸ் சத்தமே போடாம கழுத்த தண்ணியோட தண்ணியா நீட்டிப் படுத்துக்கும். ஒரு இறகு கூட கிடைக்கல. அது செத்திருக்கும், ஆனா அன்னிக்கே செத்திருக்காது. நரியோ, கையோட்டிங்கிற ஓநாய் மாதிரி மிருகமோ தூக்கிட்டுப் போற வரைக்கும் அங்கேயே கிடந்திருக்கும். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் எனக்கு சரியா தூக்கம் இல்ல, வீட்டுல கூட சொல்லல. இப்பக்கூட அந்த ரோட்டுல போனா அந்த சம்புப் பக்கம் பார்வை போயிடும்.

ஏன் அறுபது கெஜம் தப்புன்னா, நீர்ப்பறவைக்கு ஈய ரவை (தோட்டாக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன குண்டு) போடக் கூடாது, 1991ல இருந்து நாடு முழுக்க தடை. கொழகொழன்னு சேத்துக்குள்ள இரை எடுக்கிற பறவைங்க, இரைய அரைக்கிற அரைப்பைக்கு கல்லு பொறுக்கறப்ப ஈய ரவையயும் சேத்து முழுங்கி விஷம் ஏறி செத்துச்சு, அத தின்ன கழுகும் செத்துச்சு. அதனால ஸ்டீல் ரவை. ஸ்டீல் ஈயத்த விட லேசு, சீக்கிரம் வேகம் குறைஞ்சிடும், தூரத்துல படும் ஆனா உள்ள இறங்காது. பறவை சாகாம காயப்பட்டுப் போகும். அதனால முப்பது, முப்பத்தஞ்சு கெஜத்துக்குள்ள, காலை நீட்டி இறங்க வர்றப்பதான் சுடணும். பொம்மைக்கு நடுவுல ஒரு கம்ப முப்பத்தஞ்சு கெஜத்துல நட்டு வச்சுக்கோங்க, அதத் தாண்டி இருந்தா துப்பாக்கிய தூக்காதீங்க. உங்கள கூட்டிட்டுப் போறவங்க வானத்தப் பாத்து சுடுற ஆளுங்களா இருந்தா ரெண்டாவது தடவ போக வேண்டாம், மரியாதையா வேற காரணம் சொல்லிடுங்க.

அடுத்த வருஷம் 2016ல எட்டு வாரக் குட்டியா ஒரு கருப்பு லாப்ரடார் வாங்கினேன். பேரு கருப்பன், வேற என்ன வைக்கிறது. இந்த ஜாதி நியூஃபவுண்ட்லாந்து மீனவங்க வச்சிருந்த தண்ணி நாய்ல இருந்து இங்கிலாந்துல வளர்த்து எடுத்தது. விரலுக்கு நடுவுல ஜவ்வு, ரெண்டு அடுக்கு ரோமம், நீந்தறப்ப துடுப்பு மாதிரி திருப்பிக்க தடியான வாலு. எல்லாத்த விட முக்கியம் வாய். முட்டைய குடுத்தா உடைக்காம தூக்கிட்டு வரணும், பறவைய கடிச்சுக் குதறுச்சுன்னா அது வேட்டை நாய் இல்ல.

பழக்கினது முழுக்க தமிழ்லதான். இங்க எல்லாரும் இங்கிலீஷ்ல சொல்றதுக்கு பதிலா நான் "இரு", "கொண்டா", "விடு". மூணும் சின்ன வார்த்தை, ஒண்ணுக்கொண்ணு சத்தத்துல குழப்பம் வராது, காத்துல கத்தினா போய்ச் சேரும். "இரு"தான் கஷ்டம். பறவை விழறத பாத்ததும் நாய்க்கு ரத்தத்துலயே பாயணும்னு இருக்கும், ஆனா இன்னும் ஆளுங்க சுட்டுட்டு இருக்கறப்ப எந்திரிச்சு ஓடினா நாய் மேலயே பட்டுடும். அதுக்கு மட்டும் எட்டு மாசம் ஆச்சு. வெடிச்சத்தம் பழக்கறதுல அவசரப்படவே படாதீங்க. முதல் நாளே காதுக்கிட்ட சுட்டு ஆயுசுக்கும் பயந்த நாயா ஆக்கினவங்கள பாத்திருக்கேன். சாப்பிடறப்ப தட்டு தட்டறதுல ஆரம்பிச்சு, தூரத்துல பொம்மைத் துப்பாக்கி, நூறு கெஜத்துல நிஜத் துப்பாக்கி, அப்படியே மாசக்கணக்குல கிட்ட கொண்டு வரணும்.

நாய் வந்ததால அபார்ட்மென்ட் காலி பண்ணிட்டு தனி வீட்டுக்குப் போனேன், இத சொல்லாம விட முடியல. குட்டி அந்த வீட்டுல இருந்தது மூணே மாசம், மாசா மாசம் நாய்க்குன்னு தனி வாடகை வேற வாங்கினாங்க. காலி பண்றப்ப கார்ப்பெட் மாத்தணும்னு டெபாசிட் முழுசையும் பிடிச்சுக்கிட்டாங்க, அந்த கார்ப்பெட் நான் குடி வர்றப்பவே கறை படிஞ்சு நைஞ்சுதான் இருந்துச்சு, எங்கிட்ட போட்டோ இல்ல. புதுசா வந்தவங்க கேட்டுக்கோங்க, சாவி வாங்கின அன்னிக்கே மூலை முடுக்கு எல்லாம் வீடியோ எடுத்து வைங்க. மினசோட்டா சட்டப்படி காலி பண்ணி புது அட்ரஸ் குடுத்த மூணு வாரத்துல டெபாசிட்ட திருப்பித் தரணும், இல்லன்னா எதுக்கு பிடிச்சோம்னு எழுத்துல தரணும். எனக்கு இது அப்ப தெரியாது, தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்.

சரி, கருப்பன். 2017 நவம்பர், அவனோட முதல் சீசன். 20 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல மைனஸ் ஏழு. அதே பெரியவர், வேற காடு, ஆனா இங்கயும் ஓரத்துல சம்பு. ஆறு கூஸ் இறங்குச்சு, முப்பது கெஜம்தான், நான் சுட்டது ஒண்ணு அங்கேயே விழுந்துச்சு, பெரியவர் சுட்டது றெக்கை மட்டும் உடைஞ்சு வழுக்கிக்கிட்டே சம்புக்குப் போச்சு. எனக்கு கை கால் எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு, அதே காட்சி. கருப்பன் எந்திரிக்கல, ஆனா கண்ணு மட்டும் அந்தப் பறவை இறங்கின இடத்துலயே நின்னுச்சு. துப்பாக்கிய திறந்து தோட்டாவ எடுத்துட்டு "கொண்டா"ன்னேன். போயிட்டான். கிட்ட விழுந்து கிடந்தத தாண்டித்தான் போனான், திரும்பிக் கூட பாக்கல. சம்பு அசையறது கொஞ்ச தூரம் தெரிஞ்சுது, அப்புறம் அதுவும் இல்ல. பதினோரு நிமிஷம். பெரியவர் வாட்ச்ச பாத்துட்டே இருந்தார். அப்புறம் நாங்க எதிர்பாக்காத ஒரு பக்கத்துல இருந்து வெளிய வர்றான், வாயில கூஸ், உயிரோட, ஒரு றெக்கையால அவன் மூஞ்சியில அடிச்சுக்கிட்டே இருக்கு, கண்ணுக்கு மேல கிழிஞ்சு ரத்தம் வழியுது, ஆனா பிடிய இறுக்கவும் இல்ல தளர்த்தவும் இல்ல. என் முன்னாடி வந்து உக்காந்தான். "விடு"ன்னதும் கையில குடுத்தான். பெரியவர் அந்த நிமிஷமே அத முடிச்சார், ஒரு பல் குத்தற நேரம் கூட ஆகல. அது அஞ்சரை கிலோ இருந்துச்சு, நாய் அப்ப முப்பது கிலோ. அன்னிக்கு நான் அழுதேன், அதச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

இப்ப சிலர் வருவாங்க, பறவைய கொல்றத பெருமையா எழுதறியான்னு. எங்கம்மாவே கேட்டாங்க. எங்க ஊரு நாங்குநேரி பக்கம், கூந்தன்குளம் பக்கத்துலதான், குளிர்காலத்துல இமயமலைய தாண்டி பட்டைத்தலை வாத்து வர்ற குளம், ஊர்க்காரங்க பறவைக்காக தீபாவளிக்கு வெடி கூட போட மாட்டாங்க. அம்மா போன்ல, "எல, விருந்தாளியா வந்த பறவைய எவனாது சுடுவானால"ன்னாங்க. அம்மாவுக்கு நான் சொன்ன பதில் அவங்களுக்கு முழுசா ஒப்பல, எனக்கும் முழு பதில் இல்ல. கூந்தன்குளத்துல எவனாவது துப்பாக்கி தூக்கினா முதல் ஆளா நான் குறுக்க நிப்பேன். இங்க நிலைமை வேற. ராச்செஸ்டர்ல சில்வர் லேக்னு ஒரு ஏரி. அழிஞ்சே போச்சுன்னு நினைச்ச ராட்சச கனடா கூஸ 1962ல ஹரால்ட் ஹான்சன்ங்கிற ஆய்வாளர் அங்கதான் திரும்ப கண்டுபிடிச்சார். பிடிச்சு எடை போட்டா நம்ப முடியாத எடை, தராசு தப்போன்னு கடையில சர்க்கரையும் மாவும் வாங்கி நிறுத்துப் பாத்தாங்களாம். இன்னிக்கு அதே பறவை பார்க்கு, கோல்ஃப் மைதானம்னு நிறைஞ்சு, செப்டம்பர்ல அதுக்குன்னே தனியா முன்கூட்டி சீசன் வைக்கிற அளவுக்கு பெருகிடுச்சு. வான்கோழியும் அப்படித்தான், இந்த மாநிலத்துல துடைச்சு எடுத்த மாதிரி இல்லாம போச்சு, 1971ல இருந்து 73க்குள்ள மிசூரில பிடிச்ச 29 பறவைய இங்க இருக்கிற ஹூஸ்டன் கவுன்டியில விட்டாங்க, 1978லயே அளவா சீசன் திறக்க முடிஞ்சுது. இதுக்கெல்லாம் காசு பெரும்பாலும் லைசென்ஸ்லயும், 1937ல துப்பாக்கி தோட்டா மேல போட்ட வரியிலயும் வருது. நான் வருஷா வருஷம் வாங்கற 25 டாலர் டக் ஸ்டாம்ப்ல (நீர்ப்பறவை வேட்டைக்கு வாங்க வேண்டிய ஃபெடரல் அனுமதி) டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலம் வாங்கிப் பாதுகாக்கப் போகுது. பாவ புண்ணியத்துக்கு இது பதில் இல்லன்னு தெரியும். ஆனா பிராய்லர் கோழிய வாரம் மூணு நாள் தின்னுட்டு எனக்கு ஜீவகாருண்யம் சொல்லித் தர வேண்டாம், அத மட்டும் கேட்டுக்கறேன்.

வான்கோழி பத்தி சுருக்கமா. அது ஏப்ரல், மே. ஓக் மரத்துல முதுகு சாச்சு உக்காந்து சத்தம் வர்ற சின்ன மரப்பெட்டிய உரசி பெட்டையோட குரல் குடுக்கணும், ஆண் பதில் குடுத்துக்கிட்டே வரும். நெஞ்சுல தாடி மாதிரி இறகு தொங்குற பறவைதான் சுடலாம். கழுத்துக்கும் தலைக்கும் குறி, நாற்பது கெஜத்துக்குள்ள, பட்டா அங்கேயே விழும், அதனாலதான் நாய் தேவைப்படல. கண்ணு பயங்கரம், இமை தட்டினா பாத்துடும். சிவப்பு, வெள்ளை, நீலம் இந்த மூணு கலரும் சாக்ஸ்ல கூட இருக்கக் கூடாது, ஆண் வான்கோழி தலை அந்தக் கலர்தான், இன்னொரு வேட்டைக்காரன் உங்களையே பறவைன்னு நினைச்சுடுவான்.

தம்பி, நீங்க சொல்லாத ஒண்ணு, விசா. எச்1பி மாதிரி வேலை விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வைக்கறதே ஃபெடரல் சட்டத்துல குத்தம், செல்லுபடியாகிற வேட்டை லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. நண்பர் துப்பாக்கிதானே, ஒரு நாள்தானேன்னு லைசென்ஸ் இல்லாம தொட்டுடாதீங்க, கிரீன் கார்டே கேள்விக்குறி ஆயிடும். நான் வக்கீல் இல்ல, ஒரு இமிக்ரேஷன் வக்கீல கேட்டுட்டே போங்க. 1979க்கு அப்புறம் பிறந்தவர்னா துப்பாக்கி பாதுகாப்பு வகுப்பும் முடிக்கணும். துப்பாக்கியில மூணு தோட்டாவுக்கு மேல ஏறாத மாதிரி அடைப்பு போட்டிருக்கான்னு நீங்களே பாருங்க, நண்பர் வார்த்தைய நம்பாதீங்க, வேட்டைய சோதிக்க வர்ற வார்டன் உங்களத்தான் கேப்பார்.

முதல் வருஷம் சுடாமலே கூட போங்க. பொம்மை தூக்குங்க, நாய் வேலை செய்யறத பாருங்க.

கருப்பனுக்கு இப்ப ஒன்பது வயசு. பின்னங்கால் மூட்டு வலி. போன நவம்பர்ல ஓரத்துல ஐஸ் கட்டியிருந்துச்சு, தண்ணிக்குள்ள விடல, கரையில "இரு"ன்னு சொல்லி பெரியவர் பக்கத்துல உக்கார வச்சிட்டு நானே ரப்பர் பேன்ட்ட மாட்டிக்கிட்டு எடுக்கப் போனேன். நான் போய் வர்ற வரைக்கும் ஊளையிட்டுக்கிட்டே இருந்தான், ஆனா இடத்த விட்டு அசையல. கரைக்கு வந்து கூஸ அவன் வாயில குடுத்தேன். வாங்கிட்டு பத்தடி நடந்து பெரியவர் முன்னாடி போய் உக்காந்தான். அவர்தான் தமிழ்ல சொன்னார், "விடு".