கைது நடந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது, இனி வழக்குப் போட முடியுமா?

கலிபோர்னியாவில் உங்கள் தம்பியை நகரப் போலீஸ் காரணமில்லாமல் கைது செய்து அடித்தது, நகராட்சிக்கு 6 மாதத்துக்குள் மனு கொடுக்காததால் எல்லாம் போச்சு என்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் போகவில்லை, ஆனால் இனி தள்ளிப்போட நேரமில்லை.

அந்த 6 மாதக் கெடு மாநிலச் சட்டப்படி நஷ்டஈடு கேட்பதற்கு. அரசியலமைப்பு உரிமை மீறலுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தின் 1983ஆம் பிரிவில் வழக்குப் போட அந்த மனு தேவையில்லை. 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இது தெரியாமல் வழக்கையே கைவிடுகிறவர்கள் உண்டு.

1871-இல் பிறந்த அந்தச் சட்டத்தில் கால வரம்பே எழுதப்படவில்லை. அதனால் அந்தந்த மாநிலத்தில் உடல் காயத்துக்கு என்ன கெடுவோ, அதையே கடன் வாங்குகிறார்கள். கலிபோர்னியாவில் 2 வருடம், நியூயார்க்கில் 3, டென்னசியில் வெறும் 1. ஒரே அடிதான், மாநிலத்துக்கு மாநிலம் கெடு வேறு!

அடித்ததற்கு அன்றிலிருந்தே கணக்கு. பொய்க் கைதுக்கு, நீதிபதி முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து. தம்பி மேல் குற்ற வழக்கு இருந்தால், அதில் விடுதலையாகட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. கலிபோர்னியாவில் குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும் காலத்தைக் கழிக்கும் விதி உண்டுதான், அதை நம்பி உட்காராதீர்கள்.

செய்தது எஃப்.பி.ஐ. மாதிரி மத்திய அமைப்பு என்றால் பாதையே வேறு: நஷ்டஈட்டுக்கு 2 வருடத்துக்குள் அந்த அமைப்பிடமே எழுத்து மூலம் கேட்க வேண்டும், மறுப்புக் கடிதம் அனுப்பப்பட்ட 6 மாதத்துக்குள் நீதிமன்றம். இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள், கைது ஆவணத்தில் உள்ள தேதியோடு.