தோல் கைப்பட்டியில் கம்பிவலை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தோலையும் கம்பிவலையையும் சேர்த்து, மணிக்கட்டில் அணியும் கைப்பட்டியை வீட்டிலேயே செய்வது பற்றி வந்த கேள்விகளில் ஏழினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். அவற்றுட் பல சுற்றிச் சுற்றி வலையின் வெட்டிய விளிம்பிலேயே வந்து நிற்பதால், முதற் பதில் மற்றவற்றைவிட நீண்டிருக்கும்.

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி: வலையின் ஓரத்தை அரத்தால் எவ்வளவு தேய்த்தாலும் கையிற் குத்துகிறது. இன்னும் நுண்ணிய அரம் வேண்டுமா?

அரத்தை மாற்றுவதால் பயன் இல்லை. வலையின் ஓரத்தில் உள்ள ஒவ்வொரு கம்பி நுனியும் தனித்தனியே ஆடிக்கொண்டிருப்பதால், அரம் படும்போது அது தேயாமல் வளைந்துகொடுக்கிறது. தேய்ந்த இடத்திலும் புதிதாக ஒரு பிசிர் எழும்புகிறது. ஆகவே விளிம்பை மழுப்ப முயலாமல், அதனை இரண்டு தோல்களுக்கு நடுவே புதைத்துவிட வேண்டும்.

நான் கையாளும் அளவுகளைச் சொல்கிறேன். கைப்பட்டியின் அகலம் 35 மில்லிமீற்றர். மேலே வருவது 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தோல். அதன் நடுவே 15 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சாளரம் வெட்டினால், இரு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீற்றர் மிஞ்சும். கீழே, கையிற் படும் பக்கத்துக்கு, 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய தோல் போதும். வலையை 29 மில்லிமீற்றர் அகலத்தில், கம்பி ஓடும் நேருக்கே வெட்டி, ஓரத்தில் கழன்று நிற்கும் ஓரிரு இழைகளை உருவி எடுத்துவிட்டு, இரு பக்கமும் 3 மில்லிமீற்றர் மடித்துக் குறட்டின் தட்டையான வாயால் அழுத்துங்கள். இப்போது வலை 23 மில்லிமீற்றராகிவிடும். அதனைச் சாளரத்தின் கீழே நடுவாக வைத்தால், ஒவ்வொரு பக்கமும் 4 மில்லிமீற்றர் தோலுக்கடியிற் போய்விடும். தையலைத் தோலின் வெளியோரத்திலிருந்து 3 மில்லிமீற்றர் உள்ளே ஓட்டினால், ஊசிக்கும் வலைக்கும் இடையே இன்னும் 3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும். குத்தூசி கம்பியை அறுக்காது.

மடிப்பு மேற்பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். வெட்டிய நுனிகள் தடித்த தோலுக்குள் இறங்கினால் அங்கேயே தங்கிவிடும்; மெல்லிய தோலின் பக்கம் திரும்பினாலோ, சில வாரங்களில் அதனைத் துளைத்துக்கொண்டு மணிக்கட்டைத் தேடி வரும். சாளரத்தின் இரு முனைகளிலும், அதாவது கைப்பட்டியின் நீளவாக்கிலும், இதே மடிப்பைச் செய்யுங்கள். மூலையில் நான்கு மடிப்பாகத் தடிப்பதைத் தவிர்க்க, மடிக்குமுன் மூலைத் துண்டைச் சாய்வாக வெட்டிவிடலாம்.

வேலை முடிந்ததும் ஒரு சிறு பஞ்சுத் துண்டை எடுத்து மேலும் கீழும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிசிர் இருக்கும் இடத்திற் பஞ்சின் ஒரு மயிரிழை கட்டாயம் சிக்கி நிற்கும். விரலுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும். இந்தச் சோதனையை நான் கற்றுக்கொண்ட விதம் சற்று வெட்கத்துக்குரியது. முதன்முதலிற் செய்த கைப்பட்டியை அணிந்துகொண்டு ஒரு கலியாண வீட்டுக்குப் போய், வாழ்த்துச் சொல்லக் கைநீட்டிய வேளையில், மணப்பெண்ணின் கூறைச் சேலைச் சரிகையை அதில் மாட்டி இழுத்துவிட்டேன்.

பருத்தித்துறையிலிருந்து ஒரு வாசகர்: யன்னலுக்கு அடிக்கும் நுளம்பு வலை ஹாட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அது உதவுமா?

வாங்குமுன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இழுத்தால் உள்ளே இருப்பது இரும்பு. மேலே துத்தநாகம் பூசியிருந்தாலும் வெட்டிய நுனியில் இரும்பு வெளித்தெரியும், கடற்காற்று வீசும் உங்கள் ஊரில் அது துருப்பிடிக்க நீண்ட நாள் வேண்டியதில்லை. அலுமினிய வலை துருப்பிடிக்காது, ஆயினும் மிக மென்மையானது. மேசையில் ஒருமுறை கை ஊன்றினாலே வலைக்கண்கள் கோணிவிடும். பிளாஸ்திக் பூசிய இழைவலையை மடித்தால் மடிப்பு நில்லாது. துருப்பிடிக்காத உருக்கு வலை உறுதியானது, என்றாலும் விறைத்துத் திமிறும். பழகிய கைக்கே ஏற்றது.

தொடங்குபவருக்குச் செம்பு அல்லது பித்தளை வலையே நல்லது. வலையின் எண் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்பதைக் குறிக்கும். 16 எண் வலையில் ஒரு கண்ணும் ஒரு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் வரும். 16 முதல் 20 வரையிலான எண்கள் கைப்பட்டிக்குப் பார்வையாக இருக்கும். 40-க்கு மேற் போனால் வலை துணி போலத் தெரிகிறதேயன்றிக் கம்பி வேலையாகத் தெரிவதில்லை. செம்பு வலை மடித்து மடித்து விறைத்துவிட்டால், மங்கிய செந்நிறம் வரும்வரை சூடாக்கி நீரிற் போட்டால் மீண்டும் இளகும். கம்பி மெல்லியது என்பதால் சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள், உருகிவிடும். துத்தநாகம் பூசிய வலையை மட்டும் ஒருபோதும் நெருப்பிற் காட்ட வேண்டாம். அதிலிருந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தால் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும்.

கொக்குவிலிலிருந்து ஒரு மாணவி: அழகான மண்ணிறத் தோல், ஒரே கிழமையில் வலை பட்ட இடமெல்லாம் கரும்புள்ளி. தோல் பழுதாகிவிட்டதா?

தோல் பழுதாகவில்லை, உங்கள் தோலும் உங்கள் கம்பியும் சேர்ந்து மை காய்ச்சியிருக்கின்றன. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற தாவரத் துவர்ப்பொருள்களாற் பதனிட்ட தோலில் அந்தத் துவர்ப்பு தங்கியிருக்கும். ஈரமும் வியர்வையும் சேரும்போது இரும்பு அதனோடு கூடிக் கருநீல நிறமாகிறது. கடுக்காய் நீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைப் போட்டுக் கறுப்புச் சாயம் எடுத்த நம் முன்னோர் வேண்டுமென்றே செய்ததை, நீங்கள் வேண்டாமலே செய்துவிட்டீர்கள்.

எலுமிச்சம் சாற்றை நீரிற் கலந்து பஞ்சால் ஒற்றி, புள்ளி மங்கியதும் வெறும் நீரால் துடைத்து நிழலில் உலரவிடுங்கள். முதலில் உட்பக்கத்து மூலையில் பரீட்சித்துப் பாருங்கள், ஏனெனிற் சாறு தோலின் நிறத்தையும் சற்று வெளுக்கச் செய்யலாம். வலை இரும்பாக இருக்கும்வரை புள்ளி திரும்ப வரும். வலையை மாற்றுவதே தீர்வு. குரோமியத்தாற் பதனிட்ட தோலில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. வெட்டுமுகத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால், அது பெரும்பாலும் அந்த வகைத் தோலாகவே இருக்கும். ஆனால் அதன் ஓரத்தை ஈரமாக்கிக் கட்டையால் தேய்த்து மினுக்க முடியாது.

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: மேசையில் வைத்து ஒட்டியபோது நேர்த்தியாக இருந்தது. கையிற் சுற்றியதும் உட்தோல் சுருங்கி மடிகிறது.

மேசையில் வைத்து ஒட்டியதே பிழை. வட்டமாகச் சுற்றும்போது உள்வட்டம் வெளிவட்டத்தைவிடக் குறுகியது. இரண்டு தோல்களின் நடுப்பகுதிகளுக்கிடையே 1.5 மில்லிமீற்றர் தூரம் இருந்தால், ஒரு முழுச் சுற்றில் அவற்றின் நீள வேறுபாடு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர்; அந்த 9 மில்லிமீற்றர் போக்கிடமின்றித்தான் சுருக்கமாக எழும்புகிறது. மணிக்கட்டின் அளவுக்கு நெருங்கிய ஒரு போத்தலை எடுத்து, உட்தோலை அதிற் சுற்றி, அதன்மேல் வலையையும் மேற்தோலையும் வளைத்தபடியே ஒட்டுங்கள். சப்பாத்துத் தைப்பவர்கள் பயன்படுத்தும் பசையை இரு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, பின்னர் அழுத்துங்கள். அவசரத்துக்குச் சொட்டுப் பசையை நாடுபவர்கள் உண்டு. அது காய்ந்து கண்ணாடி போல விறைத்து, வளையும் இடத்தில் வெடித்துவிடும். மிஞ்சிய உட்தோலைப் பசை காய்ந்தபின் வெட்டுங்கள், முன்னரன்று.

வேலணையிலிருந்து ஒரு வாசகி: தோல் தைக்கும் மெழுகு நூல் இங்கே கிடைப்பதில்லை.

தீவகத்தில் இருந்துகொண்டு நூலுக்கு அலைய வேண்டியதில்லை. மீன்வலை பொத்தும் முறுக்கிய நைலோன் நூலை எடுத்துத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு முறை இழுத்தாற் போதும். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையினூடாக எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செலுத்தித் தையுங்கள். ஓர் இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். துளைகளின் இடைவெளி 4 மில்லிமீற்றர் இருக்கட்டும்.

யாழ்ப்பாணம் நகரிலிருந்து ஒரு வாசகர்: செம்பு வலை பட்டுக் கை பச்சையாகிறது. நஞ்சா?

நஞ்சன்று. வியர்வை பட்ட செம்பில் உண்டாகும் உப்புகளின் நிறம் அது. சவர்க்காரம் போட்டால் போய்விடும். உங்கள் கைப்பட்டியில் உட்தோல் இல்லை என்பதை மட்டும் அது காட்டிக்கொடுக்கிறது.

நல்லூரிலிருந்து ஒரு வாசகர்: கோயிலுக்குள் தோற்பொருள் அணிய வீட்டிலே விடமாட்டார்கள். அடிக்கடி கழற்ற ஏற்ற பூட்டு எது?

வீட்டார் சொல்வதைக் கேளுங்கள். பூட்டை அதற்கேற்றபடி அமைக்கலாம். கொக்கியைவிட அழுத்துப் பொத்தானே வசதி, ஒரு கையாலேயே கழற்றலாம். மணிக்கட்டின் சுற்றளவோடு 1 சென்ரிமீற்றர் தளர்வும், ஒன்றன்மேலொன்று படிய 2 சென்ரிமீற்றரும் சேர்த்து நீளத்தை வெட்டுங்கள். நிக்கல் முலாம் பூசிய பொத்தான் சிலருக்குத் தோலரிப்பைக் கொடுக்கும் என்பதால், பித்தளைப் பொத்தானை வாங்கி, அதன் அடிப்பக்கம் உட்தோலுக்கு மேலே மறைந்திருக்குமாறு உட்தோலை ஒட்டுமுன்பே அடித்துவிடுங்கள். கழற்றிய கைப்பட்டியைப் பொலித்தீன் பைக்குள் போட்டு வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டே நாளிற் பூஞ்சணம் பூத்துவிடும். ஒரு கைக்குட்டையிற் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாற் போதும்.