பழைய காரில் ஆயில் ஒழுகுகிறது, மூன்று மெக்கானிக் பார்த்தும் நிற்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"மூன்று மெக்கானிக்" என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் சரியாக மூன்று பேர்தான்.

என்னுடையது அப்பா 1998-ல் வாங்கிய வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். பெயர் சொல்லத் தேவையில்லை, நம்மில் பாதிப் பேர் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் மிதிக்கப் பழகியதே இதில்தான். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியபின் 2018-ல் என் கைக்கு வந்தது. தாம்பரம் பக்கம் எங்கள் அடுக்குமாடியில் அப்போதுதான் கார் நிறுத்தும் இடத்துக்குப் புதிதாகப் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். இரண்டே மாதத்தில் என் இடத்தில் மட்டும் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். சங்கச் செயலாளர் காலையில் நடக்கப் போகும்போது அந்த வட்டத்தை ஒரு முறை பார்ப்பார், அப்புறம் என்னை ஒரு முறை பார்ப்பார். வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார்.

முதல் மெக்கானிக் பானட்டைத் திறந்த உடனே எஞ்சினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரைக் காட்டி, "பேக்கிங் போயிடுச்சு சார்" என்றார். மாற்றினோம். பழைய பேக்கிங் நிஜமாகவே கல்லாக இறுகிப் போயிருந்தது. ஆனால் கீழே விழுந்த சொட்டு அப்படியே விழுந்துகொண்டிருந்தது. இரண்டாமவர் வண்டியைக் குழிமேல் ஏற்றி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் தொங்கிய சொட்டை டார்ச் அடித்துக் காட்டினார். "கிராங்க் பின்பக்க ஆயில் சீல். கியர்பாக்ஸை இறக்காம முடியாது." கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுற்றும் தண்டு. சீலின் விலை சில நூறு ரூபாய்தான், கூலிதான் பெரிது. இறக்கியது இறக்கினோம், கிளட்ச் பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்று சேர்ந்து ஒன்பதாயிரத்தில் வந்து நின்றது. ஐந்தாம் நாள் அதே இடத்தில் சொட்டு. மூன்றாமவர் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, குபுகுபுவென்று வந்த புகையைக் காட்டினார். "பேக் கம்ப்ரஷன் வருது சார், போர் வேலை பார்க்கணும்." அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே வருகிறது, தேய்ந்த சிலிண்டரைக் கடைய வேண்டும். அவர் சொன்ன தொகைக்கு என் வண்டியை விற்றாலும் ஈடாகாது.

மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு எங்கே ஆயிலைப் பார்த்தார்களோ அந்த இடத்தைக் காட்டினார்கள். சிக்கலே அதுதான். ஆயில் வெளியேறுவது ஓரிடம், சொட்டாக விழுவது வேறிடம். மேலே எங்கோ கசிந்து, எஞ்சினின் உடம்போடு ஒட்டி இறங்கி, ஏதாவது ஒரு விளிம்பைப் பிடித்து, கடைசியில் எது ஆகத் தாழ்வோ அங்கே தொங்கும். ஓடும் வண்டியில் அடியில் அடிக்கும் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். மாடியில் ஓடு உடைந்தால் மழைத்தண்ணீர் உத்திரத்தோடு ஓடி அடுத்த அறையில் சொட்டுமே, அதே கதை. ஆகவே தேட வேண்டியது சொட்டும் இடத்தை இல்லை. ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது என்பதை.

தேடத் தொடங்கும் முன் இரண்டு காரியம். முதலாவது, ஒழுகுவது எஞ்சின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டு, முன்சக்கரம் எங்கே நின்றது என்று அதில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். காலையில் சொட்டு எதற்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். ஒரு முறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றுவது பல வண்டிகளில் சிவப்பு. கூலன்ட் விரலில் தடவினால் எண்ணெய் மாதிரி ஒட்டாது. ஏசி தண்ணீரை ஆயில் என்று நினைத்து வண்டியைப் பட்டறையில் விட்டவரை எனக்குத் தெரியும் (என் மைத்துனர்தான், இதைப் படிக்கமாட்டார்).

இரண்டாவது, ஒரு சின்னக் கணக்கு. சுமார் இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு என்றால் அரை மில்லி, மாதத்துக்கு 15 மில்லி. ஆனால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் எனக்கு மாதம் கால் லிட்டருக்கு மேல் குறைந்துகொண்டிருந்தது. மிச்சம் எங்கே போகிறது? ஒன்று, உள்ளே எரிய வேண்டும். அப்படியானால் சைலன்சரில் நீலப் புகை வரும். எனக்கு வரவில்லை. அப்படியென்றால் ஓடும்போது ஒழுகுகிறது. நிற்கும்போது சொட்டுவது அந்த வழியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சம் மட்டும்தான். இந்தக் கணக்கு அன்றைக்கே புரிந்திருந்தால், நின்ற வண்டியைக் குழிமேல் ஏற்றிப் பார்த்ததை வைத்து கியர்பாக்ஸை இறக்க ஒப்புக்கொண்டிருக்கமாட்டேன்.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். இதில் முக்கால்வாசி கழுவுவதுதான், அதைத்தான் யாரும் செய்வதில்லை. இருபது வருட அழுக்கும் ஆயிலும் மண்ணும் சேர்ந்து அப்பிக் கிடக்கும் எஞ்சினில் எது புதிய ஈரம், எது பழைய ஈரம் என்று யார் வந்தாலும் சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டர், கார்புரேட்டர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் இறுக்கிக் கட்டி, மண்ணெண்ணெயும் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேய்த்தேன். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு துணி. மண்ணெண்ணெய் வாடை முழுக்கப் போகும்வரை ஸ்டார்ட் செய்யவில்லை. பிரஷரில் தண்ணீர் பீய்ச்சும் சர்வீஸ் சென்டரிலும் கழுவலாம்தான். ஆனால் கார்புரேட்டர் வண்டியில் அப்படிக் கழுவிவிட்டு ஸ்டார்ட் ஆகாமல் தள்ளிக்கொண்டு வந்த அனுபவம் உண்டு.

கழுவிக் காய்ந்தபின் சந்தேகப்படும் இடங்களிலெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லிசாகத் தூவினேன். பெல்ட் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் வேண்டாம். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்டால் அந்தத் தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். எஞ்சினை நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிட்டேன். ஒன்றும் வரவில்லை! அப்போது அந்தக் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது. ஜிஎஸ்டி ரோட்டில் ஏறி, அறுபதில் ஒரு பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். வந்ததும் பானட்டைத் திறந்து, என் மனைவியின் கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துக்கொண்டு மேலிருந்து பார்த்தேன்.

கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் அந்த மணி போன்ற உறையின் மேல்பக்கம் நனைந்திருந்தது. இது ஏன் முக்கியம் என்றால், கிராங்கின் பின்சீல் அந்த உறைக்கு உள்ளே இருக்கிறது. அது போயிருந்தால் ஆயில் உள்ளேயே இறங்கி அடியில் வெளியே வரும். மேல்பக்கம் நனைய வழியே இல்லை. கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் சிலிண்டர் ஹெட்டின் கோடியில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டால் சுற்றும் டிஸ்டிரிபியூட்டர் உள்ளே நுழையும் இடம். அதன் கழுத்துக்குக் கீழே கறுப்பு மீசை மாதிரி ஒரு தடம். அங்கிருந்து நேராக உறையின் மேல், உறையைச் சுற்றிக் கீழே, கீழ் விளிம்பில் சொட்டு. பார்ப்பவர்களுக்கு அச்சு அசலாகப் பின்சீல்.

அங்கே இருப்பது ஒரே ஒரு ஓ ரிங், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றும் முன் அதன் உடம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் கோடு போட்டுக்கொண்டேன், மூடியைத் திறந்து ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படமும் எடுத்தேன். பல் சாய்ந்த கியர் என்பதால் உருவும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். குறி இல்லாமல் உருவிவிட்டால் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) போய், இன்னொரு மெக்கானிக் கதை தொடங்கிவிடும். ஓ ரிங்கை நகத்தால் நெம்பினேன். பழைய கண்ணாடி வளையல் மாதிரி மூன்று துண்டாக ஒடிந்து வந்தது. ரப்பர் என்று சொன்னால் நம்ப முடியாது.

துண்டுகளைப் பேப்பரில் மடித்துக்கொண்டு சென்னையில் கார் உதிரிபாகம் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சாம்பிள் கொண்டாந்தீங்களா?" காட்டினேன். ஒன்றும் பேசாமல் ஒரு டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். இருபது ரூபாய். அளவு சரியாக இருக்கிறதே என்று தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஓ ரிங்கைப் போட்டுவிடாதீர்கள், எஞ்சின் சூட்டிலும் ஆயிலிலும் அது நிற்காது. போடும் முன் கொஞ்சம் ஆயில் தடவுங்கள். ஆயில் தடவாமல் போட்டால் நுழையும்போதே முறுக்கிக் கிழியும்.

இரண்டு வாரம் அட்டை சுத்தமாக இருந்தது. செயலாளரைப் பார்த்து முதல் வணக்கம் வைத்தேன். மூன்றாம் வாரம் புதிதாகப் போட்ட டேப்பட் கவர் பேக்கிங்கின் ஒரு மூலையில் ஈரம்.

அப்போதுதான் மூன்றாவது மெக்கானிக் காட்டிய புகை நினைவுக்கு வந்தது. எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேற டேப்பட் கவரிலிருந்து ஏர் பில்டர் பக்கம் ஒரு ரப்பர் குழாய் போகும். அந்தக் குழாய் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் இளைத்ததோ அதைத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். ஒன்றை மாற்றினால் அடுத்த இளைத்தது. என் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. உள்ளே பால் விட்ட காபி நிறத்தில் பசை. அப்பா கடைசி நான்கு வருடமும் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மார்க்கெட்டுக்கும் கோவிலுக்கும் மட்டும்தான் ஓட்டினார். எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்னே நிறுத்திவிட்டால் உள்ளே படியும் நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலந்து இந்தப் பசையாகிவிடும். குழாயை மாற்றி, ஆயிலையும் மாற்றி, பேக்கிங்கை மறுபடி போட்டேன். ஆயில் மூடியைத் திறந்தால் இப்போது குபுகுபு இல்லை. கம்ப்ரஷன் அளந்து பார்த்ததில் மூன்று சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. போர் வேலைக்கு அவசியமே இருக்கவில்லை.

உங்கள் வண்டி எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் நான் முதலில் இந்தக் குழாயைத்தான் பார்ப்பேன். பிசிவி வால்வு (அந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள், பெரும்பாலானவற்றில் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். அடுத்து, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் கவரை விரித்து வையுங்கள், உள்ளே விழாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. லேசாக உள்ளே இழுத்தாலோ சும்மா படபடத்தாலோ சரி. பலூன் மாதிரி உப்பினால் எந்தச் சீலை மாற்றியும் பயனில்லை. அதன் பிறகு மேலிருந்து கீழே வாருங்கள்: டேப்பட் கவர், டிஸ்டிரிபியூட்டர், கேம் சீல், ஆயில் பிரஷர் சுவிட்ச், பில்டர், கிராங்க் முன்சீல், சம்ப் (அடியில் ஆயில் நிற்கும் தட்டு) பேக்கிங், ஆயிலை வடிக்கும் டிரெய்ன் நட்டின் வாஷர். பிரஷர் சுவிட்சைப் பலர் விட்டுவிடுவார்கள். அதன் வயரைக் கழற்றிப் பாருங்கள், கனெக்டருக்குள் ஆயில் இருந்தால் திருடன் அகப்பட்டான். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டி என்றால் அது எஞ்சினோடு சேரும் இடத்தையும் பாருங்கள். பின்சீல் கடைசி. கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம், உறையின் மேல்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பவுடரில் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் கள்ள நோட்டுப் பார்க்கும் நீல டார்ச்சை அடித்தால் கசியும் இடம் மஞ்சள் பச்சையாக மின்னும். நான் வாங்கவில்லை, ஆனால் இடுக்கான எஞ்சின்களுக்கு அதுதான் சரி. ஒழுக்கை நிறுத்தும் திரவம் என்று விற்பதை ஊற்றச் சொல்வார்கள். அது இறுகிய ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும், சில நாள் நிற்கலாம். மூன்று துண்டாக ஒடிந்த ஓ ரிங்கை எது ஊதவைக்கும்? பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசையை அள்ளி அப்பும் மெக்கானிக்கை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து ஆயில் பம்பின் சல்லடையில் போய் அடைத்தால் எஞ்சினே போய்விடும். டேப்பட் கவர் நட்டையும் பலம் காட்டி முடுக்கக் கூடாது. தகடு வளைந்துவிட்டால் பிறகு எந்தப் பேக்கிங்கும் உட்காராது.

ஆற அமரத் தேடலாம் என்று நான் சொல்வது வெறும் சொட்டுக்குத்தான். எக்ஸாஸ்ட் மேல் விழுந்து கருகல் வாடை வந்தாலோ, டைமிங் பெல்ட் பக்கம் நனைந்தாலோ, கிளட்ச் வழுக்கினாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள், அடுத்த சிக்னல்வரைகூட வேண்டாம்.

என் அட்டை இன்னும் வண்டிக்கு அடியில்தான் கிடக்கிறது. இப்போது வாரத்துக்கு ஒரு சொட்டு, டிரெய்ன் நட்டுக்கு நேர் கீழே. வாஷராக இருக்கும். அடுத்த ஆயில் மாற்றும்போது பார்க்க வேண்டும்.