உள்ளே ஒரு காற்று, எதிரே ஒரு காற்று

நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒட்டாகோ பகுதியில், கிளூதா ஆற்றையும் திராட்சைத் தோட்டங்களையும் ஒட்டிப் போகும் சரளைப் பாதைகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில. கார், லாரி நுழையாத பாதைகள் இவை. ஆனாலும் டயருக்குள் இருக்கும் காற்றையும் பள்ளத்தாக்கில் வீசும் காற்றையும் சரியாகக் கணிக்காவிட்டால் படாதபாடு பட வேண்டிவரும்.

டன்ஸ்டன் ஏரிப் பாதையை எந்த ஊரிலிருந்து தொடங்குவது நல்லது? ஒரே நாளில் முடிக்கலாமா?

கிராம்வெல்லில் தொடங்கி கிளைடில் முடியுங்கள். தூரம் சுமார் 40 கி.மீ. நின்று நிதானமாகப் போனாலும் நான்கைந்து மணி நேரம் போதும். ஆற்றின் போக்கில் பள்ளத்தாக்கு தென்கிழக்காக இறங்குகிறது. அங்கே அடிக்கடி வீசுவது வடமேற்குக் காற்று. கிராம்வெல்லிலிருந்து வந்தால் அது முதுகைத் தள்ளிவிடும். கிளைடிலிருந்து போனால் நெஞ்சில் மோதும். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால், காலை எட்டரைக்குள் கிளம்பிவிடுவது உத்தமம்.

தெற்குக் காற்று என்று வானிலை அறிக்கை சொன்னால் மட்டும் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். நமக்குத் தென்றல் இதம், வாடை குளிர். அங்கே எல்லாம் தலைகீழ். தெற்கிலிருந்து வருவது அண்டார்க்டிகா பக்கத்துக் காற்று, எலும்பு வரை இறங்கும்.

பேனாக்பர்ன் தோட்டங்களை ஒட்டிய முதல் பகுதி குழந்தைகளும் ஓட்டக்கூடியது. கார்னிஷ் பாயின்ட் தாண்டியதும் நிலைமை வேறு. நெடுஞ்சாலை எதிர்க்கரையில் ஓடுகிறது. கார்கள் கண்ணுக்குத் தெரியும், ஆனால் நடுவில் ஏரி. அதற்குப் பிறகு இடையில் வெளியேற வழி கிடையாது. ஒன்று கிளைட் வரை போக வேண்டும், இல்லையென்றால் திரும்ப வேண்டும். எனவே கார்னிஷ் பாயின்ட்டில் நின்று பிரேக்கையும் தண்ணீரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கோடையில் ஆளுக்கு இரண்டரை லிட்டர் வேண்டும், நிழல் அறவே இல்லை.

கெய்ர்ன்மூர் ஏற்றம் கொண்டை ஊசி வளைவுகளாகப் போகும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சரளையில் முன்சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்ததும் பிரேக்கை விட்டுவிடுங்கள். பாறையில் தொங்கவிட்டிருக்கும் மரத்தளங்களில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். உயரம் பார்த்தால் தலை சுற்றுபவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

என் கிராவல் சைக்கிளில் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) 40 மி.மீ. டயர். கடைக்காரர் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ வரும்படி அடித்துக் கொடுத்தார். சரளையில் கை மரத்துப்போகிறது, ஏற்றத்தில் பின்சக்கரம் சுழன்றுவிடுகிறது. டயரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், காற்றை இறக்குங்கள். இந்தப் பகுதிக்கு வரும் புதியவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்கிற தவறு இது. டயர் கல்லாக இருந்தால் ஒவ்வொரு கல்லிலும் சைக்கிள் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் டயருக்குத் தரையில் பிடிப்பில்லை, மிதிப்பது வீண்.

நீங்கள் 70 கிலோ என்றால், டியூப் இல்லாத டயருக்கு முன்பக்கம் 30, பின்பக்கம் 33 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டியூப் இருந்தால் இரண்டிலும் ஐந்து கூட்டுங்கள். இல்லாவிட்டால் கல்லில் ரிம் இடித்து டியூபில் பாம்பு கடித்த மாதிரி இரட்டை ஓட்டை விழும். எடையில் பத்து கிலோ கூடினால் இரண்டு பிஎஸ்ஐ கூட்டலாம். பின்னால் பை கட்டினால் பின்சக்கரத்துக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று.

பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான். வளைவில் டயர் நெளிந்து சைக்கிள் மிதப்பதுபோல் தோன்றினாலும், 'டொக்' என்று ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டாலும் இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். உள்ளங்கை அதிர்ந்தால் இரண்டு இறக்குங்கள். பெரிய பம்பில் இருக்கும் முள் 120 பிஎஸ்ஐ வரை காட்டுவதற்காகச் செய்தது. அதில் 30-க்கும் 35-க்கும் வித்தியாசம் கோடளவுதான். தனியாக ஒரு சின்ன டிஜிட்டல் அளவி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. வெயில் ஏறினால் காற்றழுத்தமும் ஏறும். காலையில் 8 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர், பிற்பகல் 30 டிகிரியில் 33-ஐத் தாண்டியிருக்கும். மதியத்துக்கு மேல் சைக்கிள் ஏன் துள்ளுகிறது என்று குழம்பாதீர்கள்.

அந்தப் பகுதியில் முள் அதிகமாமே?

ஆமாம். மலைச்சரிவெங்கும் காட்டு ரோஜா மண்டிக் கிடக்கிறது. டியூப் இல்லாத டயரில் 60 முதல் 80 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், ஊற்றுங்கள். வறண்ட காற்றில் சீக்கிரம் காயும், பயணத்துக்கு முன் புதிதாக ஊற்றுவது நல்லது. முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வையுங்கள். சீலன்ட் அங்கே தேங்கி அடைக்கும். அடைக்காவிட்டால் பிளக், அதாவது ஓட்டையில் செருகும் ரப்பர் துண்டு.

டியூப் போட்டவர்கள் புது டியூபை நுழைக்குமுன் டயரின் உட்புறத்தை ஒரு பருத்தித் துணியால் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே சிக்கி இழுபடுகிறதோ அங்கே முள்முனை இருக்கிறது. விரலால் தடவினால் விரலில் ஏறும், அல்லது தட்டுப்படாமலே போகும். அரை மணி நேரத்தில் இரண்டாவது பஞ்சர் ஆகிறது என்றால் பெரும்பாலும் இந்தப் பழைய முள்தான் காரணம்.

152 கி.மீ. ரயில் பாதையையும் சேர்த்துப் போனால் முழுக்கத் தோட்டங்களைப் பார்க்கலாமா?

ஏமாந்துபோவீர்கள். 1990-இல் மூடப்பட்ட ரயில் தடத்தில் 2000-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பாதை அது. கிளைடிலிருந்து மிடில்மார்ச் வரை போகிறது. திராட்சைக் கொடிகள் இருப்பது கிளைட், அலெக்சாந்திரா பக்கம்தான். பிறகு ஆட்டுப் பண்ணைகளும் திறந்த வெளியும். அதற்கும் ஒரு அழகு உண்டு, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

ரயில் ஓடிய தடம் என்பதால் சரிவு மிகவும் மெல்லியது. உச்சி 618 மீட்டர். பூல்பர்ன் பக்கம் சுமார் 200 மீட்டர் நீளத்தில் இரண்டு சுரங்கங்கள் வரும். வளைந்து போவதால் உள்ளே கும்மிருட்டு, கைபேசி வெளிச்சம் போதாது.

ஒருநாள்தான் இருக்கிறதென்றால் கிளைடிலிருந்து அலெக்சாந்திராவுக்கு ரயில் தடத்தில் 8 கி.மீ. போய், ஆற்றங்கரை ஒற்றையடிப் பாதையில் திரும்புங்கள். வில்லோ மரங்களின் வேர்கள் குறுக்கே ஓடும், கொஞ்சம் குலுக்கும். எனக்கு இந்தச் சுற்றுதான் முதலிடம்.

ராக்ஸ்பரோ பள்ளத்தாக்குப் பாதையை வரைபடத்தில் பார்த்தால் நடுவில் அறுந்திருக்கிறதே?

அறுந்துதான் இருக்கிறது. அலெக்சாந்திராவிலிருந்து சுமார் 10 கி.மீ. ஓட்டினால் டாக்டர்ஸ் பாயின்ட். அங்கிருந்து ஷிங்கிள் க்ரீக் வரை படகில் சைக்கிளோடு போக வேண்டும், மீதி சுமார் 11 கி.மீ. மறுபடி சைக்கிள். படகை முன்பதிவு செய்யாமல் போனால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

சொந்த சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம். ஆனால் துளி மண் இருக்கக் கூடாது. பயன்படுத்திய சைக்கிள், காலணி என்று வருகைப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். மண் ஒளிந்திருக்கும் இடங்கள்: பெடல் அச்சுக்கு அடிப்புறம், ஃபோர்க்கின் தலைப்பகுதி, காலணிக் கிளிப்பின் திருகுக்குழி, சீட்டுப் பையின் மூலை. கையுறையின் ஒட்டுப்பட்டையில் புல்விதை சிக்கியிருக்கும், அதை எல்லோருமே மறப்பார்கள்.

மின்சார சைக்கிளாக இருந்தால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சைக்கிள் பேட்டரிகள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவை.

தோட்டத்தில் வாங்கும் ஒயின் பாட்டிலைத் தண்ணீர் பாட்டில் தாங்கியில் வைக்கலாமா?

நுழையாது. தாங்கி 74 மி.மீ. அகலப் பாட்டிலுக்குச் செய்தது. அந்தப் பகுதியின் புகழ்பெற்ற பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் வருவது 80 மி.மீ.க்கு மேல் அகன்ற பாட்டிலில். நிறைந்த பாட்டில் ஒன்றின் எடை 1.2 கிலோவைத் தாண்டும். முதுகுப்பையில் போட்டால் இறக்கத்தில் பாரம் உங்களை முன்னுக்குத் தள்ளும். பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் தொங்கும் பையின் அடியில், மழைச்சட்டையில் சுற்றிக் கிடத்துங்கள். இரண்டுக்கு மேல் வாங்கினால் தோட்டத்திலேயே பார்சல் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.