கேளுங்கள் டாக்டர்: எடை ஏறவில்லை, வயிறு மட்டும் ஏறுகிறது!

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது. எடை அப்போதும் 62 கிலோ, இப்போதும் 62தான். ஆனால் வயிறு முன்னால் வந்துவிட்டது. பாவாடை நாடாவில் முடிச்சுப் போட நுனி பத்தியும் பத்தாமலும் இருக்கிறது. காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடிக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். நாத்தனார் கொடுத்த பெல்ட்டையும் கட்டிப் பார்த்தேன். தினமும் 40 தடவை படுத்து எழுந்ததில் இடுப்பு வலிதான் மிச்சம். இந்த வயதில் தொப்பை கரையுமா?
- தஞ்சாவூர் வாசகி

பதில்: கரையும். முதலில் அந்தப் பெல்ட்டை நாத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எடுப்பது வியர்வையைத்தான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் போனது வந்துவிடும்.

வயது ஏற ஏறத் தொடையிலும் தோளிலும் தசை கரைகிறது, கொழுப்பு சேர்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் முள் அசையவில்லை. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கிறது. கையில் மடிப்பாகப் பிடிபடுவதைவிட, உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படிவதுதான் சர்க்கரை நோய்க்கு வழிவிடும். ஆகவே சுற்றளவை அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டுவிட்டு அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. வரை இருக்கலாம்.

55 வயதில் எனக்கு 92! ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் டாக்டரம்மாதான். ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். கிளினிக்கில் நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதுவே சுமார் 160 கலோரி, கூட வரும் பிஸ்கட் தனி. ராத்திரி பத்து மணிக்கு மூன்று தோசை, அப்புறம் நேராகப் படுக்கை. காலையில் அரை மணி நேரம் நடந்ததை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்வேன்.

காபியை இரண்டாக்கினேன், சர்க்கரை அரை ஸ்பூன். ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்குள். மதியம் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ. சாப்பிட்டதும் மொட்டை மாடி நிழலில் பத்து நிமிடம் நடை. வாரம் மூன்று நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவேன். சுவரில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளுவேன். முதல் நாள் எட்டாவது தடவையிலேயே தொடை நடுங்கியது; வேலைக்காரம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். 14 மாதத்தில் 85க்கு வந்தேன். இன்னும் 80 ஆகவில்லை. தீபாவளிக்கு 2 செ.மீ. ஏறும், தை பிறந்து இறங்கும். இதற்காக அழுவதை நிறுத்திவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படுத்து எழுவதை இன்றே விடுங்கள். வயிற்றுக்குப் பயிற்சி கொடுத்தால் வயிற்றுக் கொழுப்பே கரையும் என்பது வெறும் நம்பிக்கை. ராத்திரிப் பட்டினியும் வேண்டாம். அதில் கொழுப்போடு தசையும் போகும். இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பருப்பு சாம்பார், ஒரு பொரியல் சாப்பிடுங்கள். தேனும் சர்க்கரைதான், கணக்கில் சேருங்கள். முட்டி வலி இருந்தால் நாற்காலிப் பயிற்சிக்கு முன் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்களிலேயே வயிறு திடீரென்று உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டது போலிருந்தால், அதைத் தொப்பை என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

முதல் தடவை அளந்தபின் டேப் தேடி அலைய வேண்டாம். நாடாவில் இப்போது முடிச்சு விழும் இடத்தில் கலர் நூலால் ஒரு தையல் போட்டு வையுங்கள். மாதம் ஒரு தடவை, காலையில் வெறும் வயிற்றில் கட்டிப் பார்த்து, ஆறு மாதம் கழித்துத் தையலுக்கு எவ்வளவு உள்ளே வந்தீர்கள் என்று எழுதுங்கள்.