அண்ணனின் சம்மனசு எங்கே போனார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. சின்ன வயதில் காவல் சம்மனசு (ஒவ்வொருவரையும் காக்கும் வானதூதர்) செபம் சொல்லாமல் நான் தூங்கியதே இல்லை. மூன்று வருடத்துக்கு முன் என் அண்ணன் பைக்கில் வரும்போது லாரி மோதி, பாதி ராத்திரியில் பைபாஸ் ஓரம் தனியாகக் கிடந்து இறந்துபோனான். அன்றிலிருந்து அந்தச் செபம் என் வாயில் வரவில்லை. இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் மறைக்கல்வி வகுப்பிலிருந்து வந்து, "என் சம்மனசு பேர் என்னம்மா?" என்று கேட்கிறாள். பிறந்த தேதியை வைத்துப் பெயர் சொல்லும் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவளுக்கு என்ன சொல்வது? நான் மறுபடி எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

எங்கள் ஊர் ஞானோபதேச வகுப்பில் ஒரு சிஸ்டர் இருந்தார். பெஞ்சில் உட்காரும்போது சம்மனசுக்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்வார். ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் நாங்கள் ஏழு பேர். சம்மனசுக்கு இடம் விடுகிறேன் என்று பக்கத்துப் பையனை இடித்துத் தரையில் தள்ளியவன் நான். பக்தி முயற்சிகளில் எனக்கு இன்றுவரை கொஞ்சம் சந்தேகம் உண்டு. அதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அண்ணன். ஏன் அப்படி நடந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல எழுதினால் அது உங்களுக்குச் செய்யும் அவமரியாதை. ஆனால் 'சம்மனசு இருந்தால் விபத்து வராது' என்று திருச்சபை எங்கேயும் கற்பிக்கவில்லை. கால் கல்லில் மோதாதபடி தூதர்கள் உன்னைத் தாங்குவார்கள் என்று 91ஆம் திருப்பாடலில் வருகிறதே, அதே வசனத்தைத்தான் கோவில் உச்சியில் அலகை, அதாவது சாத்தான், இயேசுவிடம் எடுத்துச் சொல்லி, "கீழே குதி" என்கிறது. அவர் மறுத்துவிட்டார். பிறகு ஒலிவ மலையில் அவர் வியர்த்து மன்றாடியபோது வானதூதர் ஒருவர் தோன்றி அவரை வலுப்படுத்தினார் என்கிறார் லூக்கா. தூதர் வந்தார், அகலட்டும் என்று அவர் கேட்ட துன்பக் கிண்ணம் அகலவில்லை. நான் பல வருடம் இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அண்ணன் தனியாகக் கிடந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மனித வாழ்வு அதன் தொடக்கத்திலிருந்து இறப்புவரை தூதர்களின் காவலிலும் பரிந்துரையிலும் சூழப்பட்டிருக்கிறது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 336. 'இறப்புவரை' என்ற சொல்லைப் பாருங்கள். அடக்கப் பூசை முடிந்து உடலை எடுக்கும்போது, வானதூதர்கள் உன்னைப் பரகதிக்கு அழைத்துச் செல்வார்களாக என்று வேண்டுகிறோம். உங்கள் அண்ணனுக்கும் வேண்டியிருப்பார்கள். அன்று உங்கள் காதில் விழுந்திருக்காது.

இனி அந்தச் செபம். "எனக்குக் காவலாயிருக்கிற சர்வேசுரனுடைய சம்மனசானவரே" என்று தொடங்குமே, அதன் இலத்தீன் மூலத்தில் நான்கு வினைச்சொற்கள்: ஒளி கொடு, கா, நடத்து, ஆண்டுகொள். நாமோ 'கா'வை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றையும் வாயால் சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்கிறோம். சம்மனசை வாட்ச்மேனாகவே வைத்திருந்தால் திருட்டுப் போன அன்று அவர்மேல் கோபம்தான் வரும். வழி காட்டுகிறவர் என்றால் அவர் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கும். பைபிளில் விடுதலைப் பயணம் 23ஆம் அதிகாரத்தில் கடவுள் தூதரை அனுப்பும்போதும் அதைத்தான் சொல்கிறார்: அவர் சொல் கேட்டு நட.

எப்படிக் கேட்பது? அசரீரி எதையும் எதிர்பார்க்காதீர்கள். எனக்குப் பலன் தந்த வழக்கம் ஒன்று சொல்கிறேன். 23ஆம் யோவான், திருத்தந்தை ஆவதற்கு வெகுகாலம் முன்பு, அப்போதைய திருத்தந்தை 11ஆம் பயஸிடம் கற்றுக்கொண்டதாகச் சொன்னது இது: சிக்கலான ஒருவரைச் சந்திக்கப் போகும் முன், 'அவருடைய சம்மனசிடம் நீங்கள் பேசி வையுங்கள்' என்று நம் சம்மனசைக் கேட்டுக்கொள்வது. பாகப்பிரிவினைச் சண்டை நடந்த நாளில் தம்பி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைச் செய்தேன். தம்பி மாறவில்லை, கிணற்றுப் பங்கு அன்றும் முடியவில்லை. ஆனால் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த ஒரு வாக்கியம் என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்பாவைப் பற்றியது அது. சொல்லியிருந்தால் இன்று நாங்கள் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். உங்கள் வார்டில் கத்துகிற நோயாளியின் கட்டிலை நெருங்கும்போது செய்து பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

12ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்நார்து இன்னும் கறாரானவர். எந்த மூலையில் இருந்தாலும் சரி, என் கண்முன் செய்யத் துணியாததை உன் தூதர் முன் செய்யாதே என்கிறார். ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் செல்போனோடு இருக்கும்போது இது நினைவுக்கு வந்தால் ரொம்பச் சங்கடமாக இருக்கிறது.

மகளின் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெயர் தெரியாது, வைக்கவும் வேண்டாம். மிக்கேல், கபிரியேல், இரபேல் தவிர வேறு பெயர் சூட்டுவதை ஊக்குவிக்கக் கூடாது என்று 2001இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. 745இல் உரோமையில் கூடிய சங்கம் ஒன்றும், தூதர்கள் என்று பெயர் பெயராக அடுக்கி வேண்டிய ஒருவரைக் கண்டித்தது. வாட்ஸ்அப் பட்டியலை அழித்துவிடுங்கள். சிம்சோனின் அப்பா மனோவாகு கேட்டபோதே, என் பெயரை ஏன் கேட்கிறாய், அது வியப்புக்குரியது என்றுதானே தூதர் சொன்னார்?

பெயருக்குப் பதில் அவளுக்குக் கத்தோலிக்க பைபிளில் வரும் தோபித்து கதையைச் சொல்லுங்கள். (பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பிள்ளையின் பைபிளில் தேடினால் கிடைக்காது.) நாளுக்கு ஒரு திராக்மா கூலி பேசி மகனின் வழித்துணைக்கு அமர்த்திய ஆள்தான் இரபேல் என்று தெரியாமலே, அழுகிற மனைவியிடம் "நல்ல தூதர் ஒருவர் அவனோடு போவார்" என்கிறார் கிழவர் தோபித்து. திக்ரீசு ஆற்றில் பெரிய மீன் ஒன்று பையனின் காலைக் கவ்வ வருகிறது. இரபேல் குறுக்கே பாயவில்லை. "பிடி, விடாதே" என்கிறார். பையன்தான் அதைக் கரைக்கு இழுக்கிறான். அப்பாவின் கண்ணுக்கு மருந்தாவது அந்த மீனின் பித்தப்பை.

சொல்லும்போது நாயை விட்டுவிடாதீர்கள். அவர்களோடு ஒரு நாயும் போகிறது. எதற்கு என்று கதையில் இல்லை, ஆனால் உங்கள் மகள் முதலில் அதைப் பற்றித்தான் கேட்பாள்.

அன்புடன்.